முதலில் குட்டியை விடு

அத்தியாயம் 9

“ஒம்பதுல வையி பெகாயிம்! ஒம்பது வரைக்கும் நம்பர் போட்டிருக்கான்னா, ஒம்பதுல வைக்கத்தானே போட்டிருக்கான்?”

“வச்சாச்சு. உசுரு போகுது.”

“பால் வருதா?”

“கண்ணீர் வருது. அதைப் பிடிச்சு அனுப்பவா?”

போனில் அவள் புருஷன் மக்சாத். வெளிநாட்டில், யெகாத்தரின்பர்க் நகரத்தில், எவனோ ஹாரன் அடிக்கிற சத்தம் கேட்டது. டாக்சி ஓட்டுகிறவனுக்குப் பொண்டாட்டியின் அழுகையும் சிக்னலும் ஒரே நேரத்தில்தான் வரும்.

“அந்த முதல் ரெண்டு நிமிஷம் படபடன்னு அடிக்குதே, அதை விட்டுட்டியா?”

“விட்டுட்டேன். நீ சொன்னபடியே அலை போட்ட பொத்தானை அமுக்கி நேரா பெரிய இழுப்புக்குப் போயிட்டேன்.”

“அதான் சரி. அந்த படபட எல்லாம் சும்மா. இஞ்சினை உறும விட்டுட்டே நிக்கிற மாதிரி, பெட்ரோலுக்குத்தான் நஷ்டம். வண்டி நகரணும்னா கியரைப் போட்டு அழுத்தணும்.”

“நான் வண்டி இல்லடா.”

“தெரியும்டி... தெரியும். எவ்வளவு வந்துச்சு?”

பெகாயிம் புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அடியில் மஞ்சளாய் ஒரு கோடு. ஏழு மில்லி. அரை மணி நேரத்துக்கு ஏழு மில்லி.

“இருக்கு, கொஞ்சம்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

போன வாரம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஏழரை மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்துவிட்ட துர்சுன், நரின் ஊர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் பன்னிரண்டாவது நாளாகக் கிடக்கிறான். பிள்ளை நிலைக்க வேண்டுமே என்ற பயத்தில் அவன் பாட்டி வைத்த பெயர் அது, ‘நிலைக்கட்டும்’ என்று அர்த்தம். உறிஞ்சத் தெரியாத வாய். மூக்கில் போட்ட குழாய் வழியாக மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை இருபது மில்லி பால் இறங்க வேண்டும். தாய்க்குப் படுக்கை இல்லை என்று பெகாயிமை நாலு நாள் முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாலை மட்டும் கொண்டு வரச் சொன்னார்கள்.

நேற்று மாலை டாக்டர் சாபிரா கையைப் பிசைந்துகொண்டு சொன்னது இதுதான்: “நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள வேளைக்கு இருபது மில்லி உன்னால தர முடியலைன்னா, மறுபடியும் பவுடர் பால்தான். எனக்கு வேற வழியில்லம்மா. ஆனா போன தடவை பவுடர் குடுத்தப்ப அவன் வயிறு எப்படி உப்பிப்போச்சுன்னு நீயே பாத்தே. இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா தாங்குவானான்னு என்னால சொல்ல முடியாது.”

அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்ற மாமியார் உம்சுன் ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு வரும்வரை பேசவில்லை. அதுதான் பெகாயிமை இன்னும் குத்தியது.

இந்தத் தாய்ப்பால் இழுக்கிற மெஷின் மக்சாத் அனுப்பியது. ஊருக்கு வந்த ஒருத்தன் பையில் வைத்து, மூன்று எல்லைச் சாவடி தாண்டி வந்தது. புத்தகம் முழுக்கச் சீன எழுத்து. வெள்ளைப் பெட்டி, ஒரு குழாய், மார்பில் வைக்கிற கூம்பு, ஒன்றிலிருந்து ஒன்பதுவரை எண்கள். தட்டினால் முதலில் சுக்-சுக்-சுக் என்று சின்னச் சின்னதாய், வேகமாய் இழுக்கும். இரண்டு நிமிடம் கழித்துத் தானாகவே மாறி, சூ...க், விடு, சூ...க், விடு என்று நீளமாய், நிதானமாய் இழுக்கும். அந்த முதல் இரண்டு நிமிடத்தைத்தான் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வெட்டியெறிந்தார்கள். கூடவே இன்னொரு கணக்கும் போட்டார்கள்: ஆறு மணி நேரம் எடுக்காமல் விட்டால் மார்பு நிறையும், மொத்தமாய் எடுத்துவிடலாம்.

நிறையத்தான் செய்தது. கல் மாதிரி. ஆனால் இறங்கவில்லை.

“அந்தப் புட்டியைக் குடு. பன்னெண்டு மணி வேளைக்கு நான் கொண்டு போறேன்” என்றாள் உம்சுன், வாசல் கதவில் சாய்ந்தபடி. “நீ படு. முகம் சாணித்தாள் மாதிரி இருக்கு.”

“ஏழுதான் இருக்கு அபா.” மாமியாரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

“இருக்கறதைக் குடு.”

“இருபது வேணும். ஏழைக் கொண்டு போய் என்ன பண்ணுவீங்க?”

“மருமகளே, நீ பால் சுரக்கிற வேலையைப் பாரு. கணக்கு வாத்தியார் வேலை வேண்டாம்.”

புட்டியை ஒரு துணியில் சுற்றினாள், யார் கண்ணும் படாமல். பத்து மணிக்கே கிளம்பிப் போய்விட்டாள். பஸ்ஸில் போனாலும் இருபது நிமிடம்தான். எதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே என்று கேட்கும் தெம்பு பெகாயிமுக்கு இல்லை.

மூன்று நாள் முன்பு நடந்ததை அவள் மனசு மறுபடி மறுபடி கிளறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு குல்சீனாவுக்குப் பால் வழிகிறது. இரண்டு மாதப் பெண் குழந்தை, அய்பெரி, குடித்துக் குடித்துக் கன்னம் வெடிக்கிற மாதிரி இருக்கிறாள். “அவகிட்ட கேட்டுப் பாக்கலாமா அபா?” என்று பெகாயிம் வாய்விட்டுக் கேட்டபோது உம்சுன் தேநீர்க் கிண்ணத்தை டக்கென்று வைத்தாள்.

“அந்த வீட்டுக்குத் தோடு குடுத்திருக்கேன். மறந்துட்டியா?”

மறக்கவில்லை. மக்சாத்தும் குல்சீனாவின் புருஷன் குபாத்தும் ஒரே தெருப் புழுதியில் வளர்ந்தவர்கள். இரண்டு பெண்டாட்டிகளும் ஒரே சமயத்தில் வயிற்றோடு இருந்தபோது, ஒன்று ஆண், ஒன்று பெண்ணானால் சம்பந்திகள் என்று விருந்தில் கையடித்துக்கொண்டார்கள். விளையாட்டுத்தான். ஆனால் அய்பெரி பிறந்து, பெகாயிம் வயிற்றில் இருப்பது பையன் என்று ஸ்கேனில் தெரிந்ததும் உம்சுன் தன் கல்யாணத்து வெள்ளித் தோட்டைக் கொண்டுபோய் அந்தத் தொட்டிலில் கட்டிவிட்டு வந்தாள். அதன்பிறகு அது விளையாட்டில்லை.

“ஒரே மார்ல பால் குடிச்சா ரெண்டும் அக்கா தம்பி. ஒரு வாய் போனாலும் போனதுதான். கட்டின தோட்டை என் கையாலயே அவுக்கச் சொல்றியா?” என்றாள் உம்சுன். பேச்சு அதோடு முடிந்தது.

தோடு பெரிதா, பிள்ளை பெரிதா? கேட்கவில்லை பெகாயிம். மூன்று நாளாகத் தொண்டையிலேயே வைத்திருக்கிறாள்.

“பெகாயிம்! ஏய் பெகாயிம்! வாடி இங்க, ஒரு கொலை நடக்கப் போகுது!”

வேலிக்கு அந்தப் பக்கம் குல்சீனா. கையில் வாளி, தலைத்துணி காதுக்குப் போய்விட்டது. அவளுக்கு எதிரே பழுப்பு நிறப் பெண் குதிரை ஒன்று, காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு, பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது.

“என் மாமியார் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டாங்க, இவர் சந்தைக்குப் போயிட்டாரு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கறந்துடுன்னு சொல்லிட்டுப் போயாச்சு. இந்த மகாராணி ஒரு சொட்டு தரமாட்டேங்கிறா. நானும் பிழியிறேன், பிழியிறேன்... உதைக்க வருது!”

குல்சீனா தலைநகர் பிஷ்கேக்கின் பெண். அடுக்குமாடியில் வளர்ந்தவள். பால் பாக்கெட்டுக்கு உதைக்கத் தெரியாது என்ற தைரியத்தில் வளர்ந்தவள்.

பெகாயிமோ சோன்-குல் ஏரிக்கரையில், பன்னிரண்டு வயதிலிருந்து கோடை முழுக்கக் குதிரை கறந்தவள். பிரசவமாகி நாற்பது நாள் ஆகாமல் கால்நடையிடம் போகக்கூடாது. அபா பார்த்தால் கூரை பறக்கும். ஆனால் அபாதான் வீட்டில் இல்லையே. வேலி இடுக்கில் நுழைந்து வந்தாள்.

“குட்டி எங்க?”

“அதோ கட்டிப் போட்டிருக்கேன். அதை விட்டா எல்லாத்தையும் குடிச்சுடாதா?”

பெகாயிமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டு நாளில் முதல் சிரிப்பு.

“அட லூசு! குட்டி இல்லாம குதிரை எவளுக்காவது பால் குடுக்குமா? மாடே யோசிக்கும். இது குதிரை. முதல்ல குட்டியை விடு.”

குட்டியை அவிழ்த்தார்கள். அது தள்ளாடி ஓடிவந்து மடியை மூக்கால் ஒரு முட்டு முட்டியது. பிறகு பிடித்துக்கொண்டு சின்னச் சின்னதாய், வேகமாய், பால் இல்லாத வெறும் இழுப்பு. சுக்-சுக்-சுக்-சுக். தாய் திரும்பி அதன் வாலடியை மோந்தது. மடங்கிய காது மெல்ல நிமிர்ந்தது. தூக்கிய கால் தரையில் இறங்கியது. பிறகு உடம்பு முழுக்க ஒரு தளர்ச்சி ஓடியது. குட்டியின் தொண்டையில் சத்தம் மாறியது. படபடப்பு நின்று, நீளமாய் ஒரு மடக்கு, அடுத்து ஒரு மடக்கு.

“சுரப்பு விட்டாச்சு. இப்ப குட்டியை இழு! தாய் மூக்குக்கிட்டயே பிடிச்சு நிறுத்து, அதோட வாசனை போகக்கூடாது.”

பெகாயிம் ஒற்றைக் காலில் மண்டியிட்டு, வாளியைத் தொடையில் இருத்தி, குதிரையின் பின்னங்காலைச் சுற்றிக் கையை விட்டாள். வாளியில் பால் சீறியது. நிதானமாய் இழு, விடு. நிதானமாய் இழு, விடு...

கை நின்றுவிட்டது.

சுக்-சுக்-சுக். பிறகு சூ...க், விடு.

அந்த வெள்ளைப் பெட்டி. அதன் முதல் இரண்டு நிமிடம். அந்தப் படபடப்பு சும்மா இல்லை. அதுதான் குட்டி! நான்கு நாளாக அவள் குட்டியைத் துரத்திவிட்டு மடியைப் பிழிந்திருக்கிறாள். அதுவும் ஒன்பதாம் எண்ணில். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிற எந்தக் குதிரை சுரப்பு விடும்? அதுவும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை! இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கறக்காவிட்டால் மடி வற்றிப்போகும் என்று தன் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தானே?

குட்டி மெல்லக் கனைத்தது. பெகாயிமின் சட்டையில் இரண்டு இடம் சட்டென்று நனைந்தது.

“அய்யோ, உனக்கும் சுரப்பு விட்டுடுச்சுடி!” என்று குல்சீனா கத்தினாள். “ஓடு ஓடு! ஆமா, அபா கண்ணு இப்ப எப்படி இருக்கு?”

“கண்ணா?”

“காலைல வந்து ஒரு கிண்ணம் தாய்ப்பால் வாங்கிட்டுப் போனாங்களே. கண்ணு உறுத்துது, விட்டுக்கணும்னு. ஒரு கண்ணுக்கா, ஊருக்கே விடப் போறீங்களான்னு கேட்டேன், முறைச்சாங்க!”

பெகாயிமின் காதில் அது பாதிதான் விழுந்தது. அவள் வேலியைத் தாண்டிவிட்டாள்.

கை கழுவினாள். கூம்பைக் கொதிநீரில் போட்டு எடுத்தாள். துர்சுன் தலையிலிருந்து நேற்றுக் கழற்றிக் கொடுத்த கம்பளித் தொப்பி ஒன்று மேஜை மேல் இருந்தது, சாத்துக்குடி அளவு. அதை மூக்கருகே வைத்துக்கொண்டாள். தாய் மோந்தால்தானே இறங்கும்?

எண் இரண்டு. பொத்தானைத் தட்டினாள். சுக்-சுக்-சுக்-சுக். வலிக்கவே இல்லை. ஏதோ கூச்சம் மாதிரி. அலைப் பொத்தானுக்குப் போன விரலைத் தானே தட்டிவிட்டாள். பொறு. குட்டி வேலை செய்யட்டும். கண்ணை மூடினாள். தொப்பியில் பால் புளிப்பும் ஆஸ்பத்திரி சோப்பும் கலந்த ஒரு வாசனை. அவன் வாசனை.

ஒன்றரை நிமிடம் இருக்கும். அக்குளுக்குக் கீழே ஊசிகள் குத்துகிற மாதிரி ஒரு சிலிர்ப்பு இறங்கியது. கூம்புக்குள் ஒரு சொட்டு. அடுத்து ஒரு கோடு. மெஷின் தானாக மாறிக்கொண்டது. சூ...க், விடு. நாலாம் எண்ணுக்கு ஏற்றினாள். அதற்கு மேல் லேசாய் வலித்தது, உடனே இறக்கிவிட்டாள். பால் சீறியது. நிஜமாகவே சீறியது! ஓட்டம் குறைந்ததும் மறுபடி படபடப்புக்கு மாற்றினாள், குட்டியை இரண்டாம் தடவை விடுகிற மாதிரி. மறுபடி சிலிர்த்தது.

முப்பத்தெட்டு மில்லி.

புட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு மக்சாத்துக்கு ஒரே ஒரு வரி அனுப்பினாள்: ‘உன் கியரை நீயே வச்சுக்கோ.’

மூன்று மணி வேளைக்குப் பத்து நிமிடம் முன்பே ஆஸ்பத்திரிப் படியேறிவிட்டாள். அபா வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நிற்கக்கூட நேரமில்லாமல், “அபா, முப்பத்தெட்டு!” என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள்.

டாக்டர் சாபிரா எதிரே வந்தார், முகம் முழுக்கச் சிரிப்பு. “பாத்தியா, வந்துடுச்சு பாரு! பவுடர் பாலைச் சீட்டுலேருந்து அடிச்சுட்டேன்.”

“உங்களுக்கு அதுக்குள்ள எப்படித் தெரியும் டாக்டர்?”

“அதான் மத்தியானமே அம்பது மில்லி அனுப்பிட்டியே!”

டாக்டர் போய்விட்டார். பெகாயிம் அப்படியே நின்றாள்.

நர்ஸ் மீனாரா குளிர்பெட்டியைத் திறந்து ஒரு புட்டியை எடுத்து வைத்தாள். “பன்னெண்டு மணிக்கு இதுல இருபது குடுத்தேன். வயிறு உப்பலை, வாந்தி இல்லை, நல்லா தூங்கறான். மிச்சம் முப்பது இருக்கு. இப்ப எதை ஊத்தட்டும்? இதையா, நீ கொண்டு வந்ததையா?”

புட்டியில் ஒட்டிய காகிதத்தில் ‘பெகாயிம்’ என்று எழுதியிருந்தது. அபாவின் கோணல் எழுத்து.

ஏழு மில்லி எப்படி ஐம்பதாகும்? ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி போடாத அபாவுக்கு எப்படிக் கண் உறுத்தும்?

“இதை ஊத்துங்க” என்று தன் புட்டியை நீட்டினாள். “அதை என்கிட்ட குடுத்துடுங்க. அவனுக்கு வேண்டாம்.”

பாலும் புட்டியும் சேர்ந்து உள்ளங்கையில் சில்லென்றிருந்தது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவே அந்தப் புட்டியை வைத்தாள்.

உம்சுன் அதைப் பார்த்தாள். மறுக்கவில்லை.

“குல்சீனாவுக்குத் தெரியுமா அபா?”

“கண்ணுக்குன்னு சொன்னேன்.”

“உங்க கண்ணுக்கு என்ன?”

“கெட்டுத்தான் போச்சு.” உம்சுன் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பன்னெண்டு நாளா அந்தப் பெட்டிக்குள்ள அவனைப் பாத்துப் பாத்து.”

பெகாயிம் அவள் பக்கம் திரும்பினாள். இவளுக்கா பிள்ளையைவிடத் தோடு பெரிது என்று மூன்று நாளாகத் தொண்டையில் வைத்திருந்தேன்?

“பவுடர் பால் குடுத்த அன்னிக்கு அவன் வயிறு தம்பட்டம் மாதிரி இருந்துச்சு. உனக்குப் பால் வராதுன்னு நான் நினைச்சுட்டேன். தப்புதான். மூணு மணி நேரம் பொறுத்திருக்கலாம். பொறுக்க முடியலை.”

மூன்று மணி நேரம். இல்லை, இரண்டு நிமிடம். பெகாயிம் அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிக்காமல் இருந்திருந்தால் அபா அந்தக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு போய் நின்றிருக்கவே மாட்டாள்.

“இப்ப என்ன பண்றது அபா?”

“ஒண்ணும் பண்ண வேண்டாம். யாருக்கும் தெரியாது. ரெண்டும் வளர்ந்து ஆளாக இருபது வருஷம் இருக்கு. அதுக்குள்ள அதது வேற ஆளைப் பாத்துக்கும்.”

“பாத்துக்கலைன்னா? குபாத் வந்து வாக்கைக் கேட்டா? அக்கா தம்பியைப் பந்தல்ல உக்கார வைப்பீங்களா?”

உம்சுன் தலைத்துணி முனையை விரலில் சுற்றி அவிழ்த்தாள். “சொன்னா அந்தப் பொண்ணு என் மூஞ்சில துப்புவா. ஏமாத்தி வாங்கினதுக்கு. அவ புருஷன் உன் புருஷன்கிட்ட பேசறதை நிறுத்துவான். முப்பது வருஷத்துச் சிநேகம் அந்த வீட்டோட, பெகாயிம்.”

பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் முதல் தடவை.

அந்த நேரம் பார்த்துப் போன் அதிர்ந்தது. குல்சீனா.

‘அபா கண்ணு தேவலையா? இன்னொரு கிண்ணம் எடுத்து வச்சிருக்கேன், வந்து வாங்கிக்கச் சொல்லு. உன் மருமக வயிறு முட்டக் குடிச்சும் மிச்சம். போட்டோ பாரு, என்ன குதி குதிக்கிறா!’

படத்தில் அய்பெரி பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். தலைக்கு மேலே தொட்டில் கட்டையில் ஆடிய வெள்ளித் தோட்டைப் பார்த்துக் கையை வீசிக்கொண்டிருந்தாள்.

பெகாயிமின் கட்டை விரல் எழுத்துகளுக்கு மேலே நின்றது. ஒரு சொல் அடித்தாள். அழித்தாள். உள்ளே குழாய் வழியாக அவள் பால், அவளுடைய சொந்தப் பால், சொட்டுச் சொட்டாக மகனுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மாமியார் மூச்சுவிடாமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீங்களே சொல்லுங்கள், அந்த பெஞ்சில் போனை வைத்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்தால் குல்சீனாவுக்கு என்ன பதில் அனுப்பியிருப்பீர்கள்?